மொதலாளி ஊசி மாத்துறாரு

வா மாப்ள, உக்காரு. உக்கார மாட்டியே? சரி, நின்னுக்கிட்டே கேளு. ஒரு காதைப் போனுக்குக் குடுத்துட்டே, மிச்சம் இருக்கற காது எனக்குப் போதும்.

உன்னையப் பத்தி ஊருக்குள்ள ஒரே பெருமைப் பேச்சு. முப்பது மெசின் போட்டுப் பனியன் தைக்கற பவர் டேபிள் ஓட்டறே. காத்தால ஷட்டரைத் தூக்கறது நீ, ராத்திரி பூட்டறது நீ. நூலுக் கோன் எடுத்துக் குடுக்கறது நீ, டெம்போவுல பண்டல் ஏத்தறது நீ, செலான்ல கையெழுத்து நீ, ஓவர்லாக் மெசின் மக்கர் பண்ணுனா ஸ்க்ரூ டிரைவரோட கவுந்து படுக்கறதும் நீ. சனிக்கிழமையானா சம்பளக் கவருக்குள்ள நோட்டை எண்ணி வெக்கறதும் நீயே. டீக்காரப் பையன் வராத அன்னைக்கு டீ கூட நீதான் வாங்கியாந்தியாமே! இத்தனையும் கேட்டுட்டு எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான். அந்தக் கம்பெனிக்கு மொதலாளி யாரு?

கோவிச்சுக்காதே கண்ணு. சூப்பர்வைசருக்கு மாசமானா சம்பளம் எண்ணிக் குடுக்கறே. அவனைவிட நாலு மணி நேரம் சேத்தி நிக்கற உனக்கு யாரு சம்பளம் குடுக்கறா? சம்பளமே இல்லாத சூப்பர்வைசரை வெச்சு ஓடற கம்பெனின்னு வெளியே ஒரு போர்டு மாட்டிக்கலாம். பார்ட்டிக எல்லாம் மெச்சுவாங்க. ரேட்டையும் இன்னம் ஒரு ரூவா கொறைப்பாங்க.

திருப்பூருக்கு இந்தப் பெருமை புதுசு இல்லை. 1925-லயே பனியன் பின்ன ஆரம்பிச்ச ஊரு. எழுபதுகளோட கடைசில ஏத்துமதி சூடு புடிச்ச பின்னாடி, பண்ணயத்தை உட்டுப்போட்டு வந்தவன் கட்டிங் டேபிள்ல நின்னான், கைமாத்து வாங்கி நாலு மெசின் போட்டான், மொதலாளி ஆனான். இதைப் பத்தி சரத் சாரின்னு ஒரு ஆராய்ச்சிக்காரரு 2004-ல ஒரு புஸ்தகமே போட்டிருக்காரு. ‘உங்க மொதல் என்ன?’ன்னு கேட்டா, ‘எங்க உழைப்புதான்’னு இங்கத்த மொதலாளிக சொல்றாங்களே, அதை வெச்சுத்தான் அந்தப் புஸ்தகமே நடக்குதாம். என்ற பேத்தி படிச்சுச் சொன்னா. நானும் நம்ம சனத்தை நெனைச்சுப் பூரிச்சுப் போனேன். அப்பறந்தான் தோணுச்சு, உழைச்சு மேல வந்தவன் உழைக்கறதை நிறுத்துனா பாவம்னு நெனைச்சுக்கிட்டானோன்னு.

ஏன் சொல்றேன்னா, 2011 ஜனவரில ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. ஒன்றரை ஷிப்ட்டு, ரெண்டு ஷிப்ட்டுன்னு நின்னவனுக்கு மட்டும் சாயம் ஏறுன துணி வந்துச்சா? 2022 மே மாசம் பஞ்சு விலை கண்டிக்கு ஒரு லட்ச ரூவாயைத் தாண்டுச்சு. நூலு விலையைத் தாங்க முடியாம ஊரே ரெண்டு நாள் கம்பெனிய மூடிப் போராட்டம் பண்ணுச்சு. 2025 ஆகஸ்ட் 27-ல அமெரிக்காக்காரன் வரியைக் கொண்டுபோயி 50 சதவீதத்துல நிறுத்துனான். இந்த மூணுல எதையாவது நீ கோன் தூக்கித் தடுத்திருக்க முடியுமா? அமெரிக்கா ஆர்டர் ஒண்ணையே நம்புனவனுக்கு வந்தது ஒரு தலைவலி. காதர்பேட்டைக் கடைகளுக்கும் உள்நாட்டு மால் தெச்சுக்கிட்டு, ஐரோப்பாப் பார்ட்டி ஒருத்தனையும் கையில வெச்சிருந்தவனுக்கு வந்தது வேற தலைவலி. ரெண்டாவதுக்கு மாத்திரை உண்டு. அந்த மாத்திரைய ஆகஸ்ட் மாசத்துல வாங்க முடியாது மாப்ள. ரெண்டு மூணு வருசத்துக்கு முன்னாடி, ஆர்டர் நல்லா ஓடற காலத்துல, ஒருநா கம்முனு உக்காந்து வாங்கி வெச்சிருக்கோணும்.

உன்ற தாத்தன் தோட்டத்துல கெணத்துத் தண்ணி எறைக்கக் கவலை ஓட்டுவாரு. மாட்டை முன்னாலயும் பின்னாலயும் ஓட்டறவன் கெணத்து மேட்டை உட்டு நகர முடியாது. அக்கட்ட வயல்ல இன்னொருத்தன் மம்புட்டியோட நின்னு வாமடை திருப்போணும். ஆளு வராத நாள்ல, ரெண்டையும் நானே பாத்துக்கறேன்னு உன்ற தாத்தன் வீராப்பா மாட்டைப் பூட்டுவாரு. பொழுதோட போயிப் பாத்தா தண்ணி பூராவும் பங்காளி காட்டுல பாஞ்சிருக்கும். ஆனா மாட்டை நல்லாத்தான் ஓட்டுனாரு, அதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது.

இப்ப உன்ற தண்ணி எங்க பாயுதுன்னு பாக்கலாமா? ஒரு பீசுக்கு என்ன ரேட்டு ஒத்துக்கிட்டே? 22 ரூவாயா? அதை எப்படிப் போட்டே? பக்கத்து யூனிட்டுக்காரன் 22-க்கு ஒத்துக்கிட்டான்னு நீயும் ஒத்துக்கிட்டே. அவன் யாரைப் பாத்து ஒத்துக்கிட்டான்? உன்னையப் பாத்து. நல்லா இருக்குது.

தையக்கூலி, செக்கிங், அயர்ன், பேக்கிங், நூலு, ஊசி, வாடகை, கரண்டு, டெம்போ, சூப்பர்வைசர் சம்பளம் அல்லாமே கூட்டிப் பீசுக்கு 21 ரூவா 40 காசு ஆவுதுன்னு வெச்சுக்க. நிக்கறது 60 காசு. பத்தாயிரம் பீசு தெச்சா ஆறாயிரம் ரூவா. பெரிய ஆளுதான் நீ. இப்ப பில்லு 2,20,000 ரூவா. பார்ட்டி அதை மூணு மாசம் கழிச்சுக் குடுக்கறான். அதுவரைக்கும் சனிக்கிழமை சம்பளம் போடோணுமே, அந்தப் பில்லுத் தொகைய மாசம் ஒன்றரை வட்டிக்கு வாங்கிப் போடறே. மூணு மாச வட்டி எவ்வளவு? 9,900. ஆறாயிரம் சம்பாதிக்க ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரம் செலவு பண்ணியிருக்கே. கையை உட்டுக் குடுத்தது 3,900. அந்தப் பார்ட்டிக்குத் துணி தெச்சுக் குடுத்ததும் இல்லாம, போகவர பஸ் காசும் நீயே குடுத்து அனுப்பியிருக்கே.

இன்னொண்ணு. நூறு பீசுல நாலு பீசு ஆல்ட்டருக்குத் திரும்பி வருதுன்னு வெச்சுக்க. பிரிச்சு, திருப்பித் தெச்சு, செக் பண்ணி, அயர்ன் போட ஒண்ணுக்கு 15 ரூவா ஆனா, நாலுக்கு 60 ரூவா. நூறு பீசுல உனக்கு நிக்கறதும் அதே 60 ரூவா. வட்டி போடறதுக்கு முன்னாடியே கணக்கு தொடச்சாச்சு. இதெல்லாம் காயிதத்துல எழுதிப் பாத்தா கால் மணி நேரச் சோலி. அந்தக் கால் மணி நேரந்தான் உனக்குக் கெடைக்க மாட்டேங்குது. ஏன்னா ஏழாம் நம்பர் மெசின்ல ஊசி ஒடைஞ்சு போச்சு.

ஊசின்னதும் மொகத்துல வெளிச்சம் வருது பாரு! எனக்குத் தெரியும் மாப்ள. ஊசி மாத்துனா அஞ்சு நிமிசத்துல மெசின் ஓடுது, அந்தப் பொண்ணு ‘தேங்க்ஸ்ங்ணா’ங்குது, நாலு பேரு பாக்கறாங்க. புதுசா ஒரு பார்ட்டிய புடிக்கறதுன்னா அப்படியா? ஆறு மாசம் அலையோணும், சாம்பிள் தெச்சுக் குடுக்கோணும், நாலு ஆபீஸ்ல ரிசப்ஷன்ல உக்காந்து அங்க இருக்கற மீனுத்தொட்டியவே பாத்துக்கிட்டு இருக்கோணும். கடைசில கெடைக்குமான்னும் தெரியாது. யாருக்குத்தான் புடிக்கும்? உனக்கு நேரம் இல்லைங்கறது பொய்யி. ஜெயிக்கறது நிச்சயமா இருக்கற வேலையாப் பாத்துப் பொறுக்கிப் பொறுக்கிச் செஞ்சுக்கிட்டிருக்கே. அதுபோக, மத்தியானத்துல கேபின்ல நோட்டை விரிச்சு உக்காந்தா, ‘மொதலாளி சும்மா உக்காந்திருக்காரு’ன்னு செக்கிங் பொண்ணுக பேசிக்கும்னு உனக்கு ஒரு வெக்கம். பேசட்டுமே. அதுகளுக்குப் பொழுது போவோணுமில்ல?

ஊசி ஒடைஞ்சா அத்தனை துண்டையும் பொறுக்கி, நோட்டுல ஒட்டி, தேதி போட்டாத்தான் புது ஊசின்னு ஏத்துமதிப் பார்ட்டிக கண்டிசன் போடறாங்க. நல்ல கண்டிசன்தான், கொழந்தைச் சட்டைக்குள்ள ஒரு துண்டு போயிரக்கூடாது. ஆனா அந்த நோட்டை மொதலாளிதான் எழுதோணும்னு எந்த வெளிநாட்டுக்காரனும் கேக்கலை. லைன்ல நிக்கற பொண்ணு ஒண்ணுகிட்ட ஊசிப் பெட்டியக் குடு. உன்னையவிடச் சுத்தமா எழுதும். உன்ற கையெழுத்தை நான் கல்யாணப் பத்திரிக்கைக் கவருல பாத்திருக்கறேன்.

அதுக்குன்னு கோயமுத்தூர் ஓட்டல்ல ஏசி ஹால்ல நடக்கற ட்ரெயினிங்குக்கு ஓடிப் போயிராதே. போனவனைப் பாத்தேன். காசு கட்டி, ரெண்டு நேரம் பபே சாப்புட்டு வந்து, ‘விஷன்’னு ஒரு போர்டு எழுதி செவுத்துல மாட்டுனான். அடுத்த நாளு அந்தப் போர்டு மேலயே சட்டையத் தொங்க உட்டுட்டு ஸ்க்ரூ டிரைவரோட கவுந்து படுத்துட்டான். ஆறு மெசின் வெச்சிருக்கறவனுக்கு நான் இந்தப் பாடமே சொல்ல மாட்டேன். அவன் தானே உக்காந்து தைக்கோணும், அந்தக் கூலிதான் அவன்ற லாவம். நீ முப்பது மெசினுக்கு வந்தும் ஆறு மெசின் மொதலாளியாவே இருக்கறே, அதுதான் என்ற வருத்தம். வருத்தம்னா வருத்தம் இல்லை, வேடிக்கை.

ஒரு வழி சொல்றேன், செஞ்சு பாரு. சனிக்கிழமை சம்பள நாளு, திங்கக்கிழமை பாதி ஆளு வராது, அதனால புதன்கிழமை வெச்சுக்க. மத்தியானச் சோத்துக்கு மேல கம்பெனில இருக்காதே. போனு வரும், எடு. ஆனா யாரு என்ன கேட்டாங்கன்னு ஒரு காயிதத்துல எழுதி வை. ‘அண்ணா, எலாஸ்டிக் தீந்து போச்சு’, ‘அண்ணா, டெம்போக்காரன் முந்நூறு ரூவா சேத்திக் கேக்கறான்’, ‘அண்ணா, டாய்லெட்ல தண்ணி வரலை’. நாலு புதன்கிழமை போனா அந்தக் காயிதத்துல ஒரே கேள்விக திரும்பித் திரும்பி வரும். அந்தக் கேள்விகளுக்கு ஒருதரம் பதில் எழுதிச் சூப்பர்வைசர் டேபிளுக்கு மேல ஒட்டு. ரெண்டாயிரம் ரூவாய்க்கு உள்ள இருக்கற எதுக்கும் என்னையக் கேக்க வேண்டாம்னு சொல்லிப்போடு. தப்புப் பண்ணுவான். பண்ணட்டும். எலாஸ்டிக்கை அரை ரூவா சேத்திக் குடுத்து வாங்குவான், நீ பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கம்முனு இருக்கோணும். அதுதான் கஷ்டம், மத்ததெல்லாம் சுலுவு. அவன் திருடிப்போட்டான்னா? நீ பக்கத்துலயே நிக்கறப்ப பிட்டுத்துணி மூட்டை மூட்டையாப் போகலையா? எடை போட்டு எழுதற நோட்டு பாத்துக்கற அளவுக்கு உன்ற கண்ணு பாத்துக்காது.

அப்பறம் அந்த மத்தியானத்துல என்ன பண்றது? இங்கயே திண்ணைக்கு வந்துரு. ரெண்டே ரெண்டு சோலி. எந்தப் பார்ட்டிய கழிச்சு உடறதுன்னு ஒண்ணு, அந்த எடத்துல யாரைக் கொண்டாரதுன்னு ஒண்ணு. மூணாவதா ஒண்ணும் வேண்டாம்.

சட்டமும் உன்ற பக்கந்தான் இருக்குது, அதையும் தெரிஞ்சுக்க. அரசாங்கத்தோட உத்யம் பதிவுல பதிஞ்ச சின்னக் கம்பெனிக்கு, எழுத்துல எத்தனை நாளுன்னு போட்டிருந்தாலும் 45 நாளுக்குள்ள காசு வந்தாகோணும்னு 2006-லயே சட்டம் போட்டாச்சு. தாண்டுனா ரிசர்வ் பேங்க்கோட பேங்க் ரேட்டுல மூணு மடங்கு, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. 2023 பட்ஜெட்டுல இன்னொரு ஆப்பும் வெச்சாங்க. நாள் தாண்டுன பாக்கியக் கையில குடுக்கற வருசத்துலதான் பார்ட்டி வருமான வரில செலவாக் கழிக்க முடியும். அதனால மார்ச் மாசமானா அவன்ற ஆடிட்டரே அவனை வெரட்டுவாரு. பதியறதுக்கு ஒரு பைசா செலவு இல்லை. நீ பதிஞ்சுட்டியா? சர்டிபிகேட்டு எங்க? ‘எங்கியோ வெச்சேன்’னு சொல்லுவே. ஊசிப் பெட்டி எங்கன்னு கேட்டா மட்டும் தூக்கத்துலயும் சொல்லுவே.

அதுக்காக நாளைக்கே வக்கீல் நோட்டீசு உட்டுப்போடாதே. ஒரே பார்ட்டிய நம்பி இருக்கறவன் சட்டம் பேசுனா அடுத்த மாசம் மெசின்மேல தூசி தொடைக்கறதுதான் சோலி. ரெண்டாவது பார்ட்டி கைக்கு வந்த பின்னாடி பேசு. அப்பப் பேசக்கூட வேண்டியிருக்காது, நீ கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கறதைப் பாத்தே செக்கு எழுதுவான்.

யாரை மொதல்ல கழிச்சு உடறதுன்னு உனக்குத் தெரியாது. உன்ற ஊட்டுக்காரிக்குத் தெரியும். எந்தப் பில்லு என்னைக்குப் போச்சு, என்னைக்குக் காசு வந்துச்சுன்னு ஒரு நீல அட்டை நோட்டுல அந்தப் புள்ள தேதி தேதியா எழுதி வெச்சிருக்குது. நோம்பிக்கு வந்தப்ப என்கிட்டக் காட்டுச்சு. நீதான் இன்னம் பாக்கலை, உனக்கு எங்க நேரம்? ஒரு மத்தியானம் கேட்டு வாங்கிப் பாரு. தொண்ணூறு நாளுக்கு ஒருநாளும் முன்னாடி குடுக்காத ஒரு பேரு அதுல மூணு பக்கத்துக்கு இருக்குது.

முழிக்காதே. அது என்ற பையன்தான்னு எனக்கும் தெரியும். மச்சானாச்சேன்னு பாக்காம, மொதல்ல அவன்கிட்டயே ரேட்டை ஏத்திக் கேளு. இல்லீன்னா தாட்டி உட்டுரு. ஆனா நான் சொன்னேன்னு மட்டும் அவன்கிட்டச் சொல்லிப்போடாதே, ராத்திரிச் சோறு எனக்கு அவன் ஊட்டுலதான்.