ஒன்பது பத்தாது!

ஆண்டுவிழாவுக்குப் பின்னல் கோலாட்டம் பழகுகிறோம். ஆடுவது 9 பேர். ஆட்டத்துக்கும் கணக்கு டீச்சர் வேண்டுமா? (வாசகி, திருநாவலூர்)

வேண்டாம். ஆனால் ஒன்பது பத்தாது, பத்தாக்குங்கள்! ஆள் கிடைக்காவிட்டால் ஒருத்தி பாடட்டும், எட்டுப் பேர் ஆடலாம். பாதிப் பேர் வலமாக, பாதிப் பேர் இடமாகச் சுற்றி, எதிரே வருபவளை ஒருமுறை வெளிப்புறம், அடுத்தவளை உட்புறம் என்று மாறி மாறிக் கடந்தால்தான் கயிறு பின்னும். 5+5 என்றால், எல்லாரும் ஒரு சுற்று முடிப்பதற்குள் ஆளுக்கு 10 சந்திப்பு, மொத்தம் 50. சிக்கல் வருவது பிரிக்கும்போது. கடைசிச் சந்திப்பில் உட்புறம் போனவள், திரும்பும்போது முதலில் உட்புறமே போகவேண்டும். ஆரம்பித்த மாதிரியே வெளிப்புறம் கிளம்பினால் பின்னல் அவிழாது, முடிச்சுதான் விழும். இதை மட்டும் பத்துத் தடவை ஒத்திகை பாருங்கள்.

ஜோடியாகக் கோல் தட்டும் வரிசை 5 எண்ணிக்கை, பாட்டு ஆதி தாளம். முடிவு சேரவே மாட்டேன் என்கிறதே?

சேரும், 40-வது எண்ணிக்கையில்! வரிசையை 8 முறை தட்டுங்கள். தாளம் 5 ஆவர்த்தனம் முடித்து சமத்துக்கு வந்திருக்கும். அவ்வளவு நேரம் இல்லையென்றால், ஐந்தோடு மூன்று தட்டு கூட்டிக்கொள்ளுங்கள்.