தொண்டைமான் கொட்டிலில் ஒரு டேப்லெட்

அதியமானின் தூதாக ஔவையார் போனபோது, தொண்டை நாட்டு மன்னன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். அங்கே பாடப்பட்டது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. நெய் பூசிப் பளபளக்கும் அவனுடைய ஆயுதங்களை ஔவை மனதாரப் புகழ்ந்தார். தம் தலைவனின் வேல்களோ முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தத் தொண்டை நாட்டின் தலைநகரான காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு, டேப்லெட் செய்யும் பெரிய நிறுவனங்களை நானும் புகழப் போகிறேன். சொல்வதில் ஒன்றும் பொய்யில்லை.

நிறுவனத்தாரே, முதல் பாராட்டு உங்கள் பசைக்கு.

பிள்ளையார்பாளையத்தில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடும் ஒருவரின் டேப் மேசையிலிருந்து விழுந்தது. இடது மூலையில் அடி. அங்கிருந்து கோடுகள் கிளம்பித் திரையின் பாதிவரை ஓடியிருந்தன. படம் தெளிவாகத்தான் இருந்தது. மயில்கண்ணும் இருதலைப்பட்சியும் ஒரு புள்ளி குறையாமல் தெரிந்தன. டச்சும் வேலை செய்தது. விரலில் சில்லு ஏறாமலிருக்க மேலே செல்லோடேப் ஒட்டியிருந்தார். உடைந்தது மேல் கண்ணாடி மட்டும்தான்.

கடைக்காரத் தம்பி டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கண்ணாடி தனியா வராதுண்ணே, கோம்போதான் மாத்தணும். சென்னை ரிச்சி தெருவுல சொல்லி வைக்கணும், எப்ப வரும்னு சொல்ல முடியாது. பேசாம புதுசே வாங்கிடுங்க” என்றார். கண்ணாடி, டச், டிஸ்ப்ளே மூன்றும் சேர்ந்ததுதான் கோம்போ. அதன் விலை புதிய டேப்பின் விலையில் பாதியை நெருங்கியது.

தம்பியின் மேல் குற்றமில்லை. அந்த மூன்றையும் இடையில் காற்றும் புகாதபடி நீங்கள் ஒன்றாக ஒட்டியிருக்கிறீர்கள். அதனால்தான் படம் கண்ணாடியின் மேலேயே எழுதியதுபோல் தெரிகிறது. பேனாவால் இழுத்த கோடு நுனி பட்ட இடத்திலேயே விழுகிறது. டிசைன் போடுகிறவருக்கு அது பெரிய வரம். மூன்றும் பிரியாமல் சேர்ந்து வாழ்கின்றன. ஒன்றுக்கு அடிபட்டால் மூன்றும் சேர்ந்தே போகின்றன. இவ்வளவு விசுவாசமான பசையை உலகம் இதற்கு முன் கண்டதில்லை.

அடுத்து, உங்கள் உடல் நேர்த்தி. வெளியில் ஒரு திருகு தெரியாது. திறக்க வேண்டுமென்றால் ஓரம் முழுக்கச் சூடேற்றி, பசை இளகும் நேரம் பார்த்து, மெல்லிய பிளாஸ்டிக் வில்லையை உள்ளே விட்டு நகர்த்த வேண்டும். கண்ணாடி ஏற்கெனவே உடைந்திருந்தால் ஒரே தகடாக எழும்பாது. சில்லு சில்லாக வரும். வில்லை கொஞ்சம் ஆழமாகப் போனால் உள்ளே இருக்கும் ஒயர் பட்டை அறுந்துவிடும். இத்தனையும் தாண்டித் திறக்கிற கைக்குத்தான் உங்கள் கருவி தன்னைக் காட்டும். நம் ஊர் மெக்கானிக்குகளின் பொறுமையை வளர்த்ததில் உங்களுக்குப் பங்குண்டு.

அந்த டிசைன்காரர் வீட்டின் முன்னறையில் குழித்தறி இருக்கிறது. பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு மேலே நெய்கிறார்கள். ஜக்கார்டு அட்டைகளில் ஒன்று கிழிந்தால் அந்த ஒன்றை மட்டும் புதிதாகத் துளையிட்டுக் கோத்துக்கொள்கிறார்கள். ஒரு அட்டைக்காகத் தறியையே மாற்றச் சொல்லும் அறிவு அந்த வீட்டில் யாருக்கும் இன்னும் வரவில்லை.

உங்கள் சட்டப் பணிவையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் புதிய விதிகள். ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் முக்கியமான உதிரிபாகங்கள் 7 ஆண்டுகள் கிடைக்க வேண்டும். மென்பொருள் புதுப்பிப்பு குறைந்தது 5 ஆண்டுகள் வர வேண்டும். அங்கே விற்கும்போது நீங்கள் அதற்குக் கட்டுப்படுகிறீர்கள். ஆக, முடியாத காரியமில்லை. சட்டம் கேட்டால் செய்கிறீர்கள். கேட்காத ஊரில் செய்து யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

இங்கே மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளமும் வந்தது. கைப்பேசி, மின்னணுப் பொருள்களை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் போட்டு, விற்கும் இடத்திலேயே காட்ட வேண்டும் என 2025 மே மாதம் இன்னொரு குழு அறிக்கை கொடுத்தது. அறிக்கை நன்றாக இருக்கிறது. பிள்ளையார்பாளையத்து டேப்புக்கு அதனால் ஒரு கண்ணாடியும் வந்துவிடவில்லை.

இந்த மாவட்டத்துக்கு நீங்கள் தந்த பெருமைதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் ஆலை ஐபோன்களைக் கோத்து உலகத்துக்கு அனுப்புகிறது. பிள்ளைப்பாக்கத்தில் கைப்பேசிகளின் முகப்புக் கண்ணாடியைப் பதப்படுத்தும் ஆலைக்கு 1,003 கோடி ரூபாய் முதலீடு என்று 2024 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டம். கோப்பதற்கு வேண்டிய கைகள் இங்கே ஏராளம். பிரித்துச் சரிசெய்யத் தெரிந்த கைக்குத்தான் ஒரு துண்டுக் கண்ணாடி எட்டாத தூரத்தில் இருக்கிறது. ஆலைக்கு நிலமும் தண்ணீரும் ஆளும் தருகிற மாவட்டம், கடைக்கு உதிரிபாகம் கேட்பது அதிகப்படியான ஆசை ஆகாது.

அந்த டிசைன்காரர் புதியது வாங்கவில்லை. முதலில் டிசைன்களையெல்லாம் வேறிடத்தில் பதிந்துகொண்டார். சென்னையில் மேல் கண்ணாடியை மட்டும் பிரித்து மாற்றும் மெஷின் வைத்திருக்கும் கடைகள் உண்டு. அப்படி ஒன்றில் கொடுத்தார். மாற்றித் தந்தார்கள், கோம்போ விலையைவிடக் குறைவாக. புதிய டேப் விற்றிருந்தால் உங்களுக்கு வந்திருக்கும் வருமானம் போயிற்று. அதற்காக வருந்த எனக்கு மனமில்லை.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. படம் தெளிவாக இருந்து, டச் வேலை செய்து, புதுப்பிப்பும் வந்துகொண்டிருந்தால் சரிசெய்யுங்கள். திரையில் கறுப்புத் திட்டு பரவினால் டிஸ்ப்ளேயும் போயிற்று என்று பொருள். அப்போது கோம்போ விலை புதியதில் பாதியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள், வீட்டில் வைத்திருக்காதீர்கள். புதிதாக வாங்கத்தான் வேண்டுமென்றால், மெமரி எவ்வளவு, கேமரா எவ்வளவு என்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: “கண்ணாடி உடைந்தால் என்ன விலை, எங்கே கிடைக்கும், எத்தனை வருஷம் கிடைக்கும்?” பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.