ஏரிக்கரையில் மக்கள்தொகை வெடிப்பு

காடு ஏன் அழிகிறது? ஏசி அறைக் கருத்தரங்குகளில் பதில் தயார்: பழங்குடிகள் பெருகிவிட்டார்களாம். கணக்குப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். அதில் இருளர் பழங்குடியினர் சுமார் 1.9 லட்சம். ஏறக்குறைய 380 பேருக்கு ஒருவர். அடேயப்பா, எப்பேர்ப்பட்ட வெடிப்பு! மிச்சம் 379 பேரும் மரம் நட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது.

செய்யூர்ப் பக்கம் வந்து அந்த வெடிப்பைப் பாருங்கள். ஏரிக்கரைப் புறம்போக்கில் நாலு கம்பு, மேலே பனையோலை, ஒழுகாமலிருக்க அதன்மேல் ஒரு கட்சி பேனர். தலைவர் சிரிக்கிறார், கீழே குடும்பம் குனிந்து நுழைகிறது. பட்டா கேட்டால், 'நீர்நிலை ஆக்கிரமிப்பு.' இதே செய்யூரில் 4,000 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையத்துக்கு 2013-ல் சுற்றுச்சூழல் அனுமதி தந்தார்களே, அது? அது வளர்ச்சி!

வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சரணாலயம் என்று 1998-ல் அறிவித்தது அரசு. 2020-ல் அதை 3 ஆகச் சுருக்க வனத்துறையே முன்மொழிந்தது. கழற்றிவிடப் பார்த்த வளையத்துக்குள் ஒரு மருந்து ஆலை இருந்தது. அந்த 2 கிலோமீட்டரை எந்த இருளர் வீட்டுக் குழந்தை தின்றது?

பரம்பரைத் தொழிலென்று இருளர் பாம்பு பிடித்தால் 1972 வனவிலங்குச் சட்டம் பாயும். சாதிச் சான்று கேட்டுப் போனால், "இருளர்னா பாம்பு பிடிச்சுக் காட்டு" என்ற அதிகாரிகளைப் பற்றி அவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். பிடித்தால் குற்றவாளி, பிடிக்காவிட்டால் போலி. நம்மைப் பாம்பு கடித்தால் மட்டும், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுக்கும் நஞ்சு வேண்டும், அதிலிருந்துதான் மருந்து. 2023-ல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தோம். விருது கொடுப்பது சுலபம். அதற்கு சர்வே எண் தேவையில்லை.

காட்டில் வாழ்பவர்களுக்கு நில உரிமை தர 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத் தடை. உச்ச நீதிமன்றம் அதை விலக்க 2016 ஆனது. எட்டு வருஷம் உரிமைப் பட்டயம் முடங்கிக் கிடந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட்டும் பிளாட் கல்லும் ஒருநாள்கூட முடங்கவில்லை.

ஆகவே கனவான்களே, காட்டைக் காக்க யாருடைய தொகையையாவது குறைத்தே ஆகவேண்டும் என்றால், அதன் எல்லையைப் பேனாவால் நகர்த்துகிறவர்களின் தொகையிலிருந்து தொடங்குங்கள்.