அரை நிமிடத்துக்கு ஒரு தலைமுறை

கணினி அறைக்குள் நுழையச் செருப்பை வாசலில் கழற்றிப் போட்ட தலைமுறையா நீங்கள்? அப்படியானால் 640 கேபி நினைவகமும் பச்சை எழுத்துத் திரையுமாக உட்கார்ந்திருந்த பிசி எக்ஸ்டியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஜிடபிள்யூ-பேசிக்கில் சம்பளப் பட்டியல் போடச் சொல்லி உள்ளே அனுப்புவார்கள். ஆய்வக உதவியாளர் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் ஓட்டியது ‘கேம் ஆஃப் லைஃப்’.

கேம்பிரிட்ஜ் கணித மேதை ஜான் கான்வே உருவாக்கி, 1970 அக்டோபரில் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் மார்ட்டின் கார்ட்னர் எழுதியதால் ஊரறிந்த அந்த ஆட்டத்துக்கு ஆடுபவரே வேண்டாம். கட்டங்களில் சில புள்ளிகளை வைத்துவிட்டால் போதும்: சுற்றியுள்ள எட்டில் இரண்டோ மூன்றோ துணை இருக்கும் புள்ளி பிழைக்கும், குறைந்தால் தனிமையிலும் கூடினால் நெரிசலிலும் சாகும், காலிக் கட்டத்துக்குச் சரியாக மூன்று அண்டை வாய்த்தால் அங்கே ஒன்று பிறக்கும். (நம் அடுக்ககங்களிலும் ஏறக்குறைய இதே சட்டம்தான்.)

40க்கு 20 என்று போட்டால் 800 கட்டம், ஒவ்வொன்றுக்கும் எட்டு அண்டை, ஆக 6,400 முறை எட்டிப் பார்த்து இயந்திரம் ஒரு தலைமுறையை முக்கி முடிக்க அரை நிமிடம் போல ஆகும். அதற்குள் எந்த நட்சத்திரக் குறி சாகும், எது தப்பும் என்று நானும் நண்பனும் விரல்விட்டு எண்ணி, டீக்குப் பந்தயம் கட்டி, தோற்றவன் மறுபடி எண்ணச் சொல்லிச் சண்டை போட்டு முடித்திருப்போம். கிளைடர் என்ற ஐந்து புள்ளி உருவம் நான்கு தலைமுறைக்கு ஒருமுறை பழைய வடிவத்துக்கே திரும்பி, ஒரு கட்டம் மூலைவாக்கில் தள்ளி நின்றதைப் பார்த்த அன்று, உயிரின் ரகசியம் என்னிடம் சிக்கிவிட்டதாகவே நம்பினேன். தேர்வில் வந்தது சம்பளப் பட்டியல்தான்.

அதே ஐந்து புள்ளியில் தொடங்கும் ஆர்-பென்டோமினோ என்றொரு பிடிவாதக்காரன் உண்டு. 1,103 தலைமுறை அடங்கமாட்டான். அன்றைய வேகத்தில் அது ஒன்பது மணி நேர வேலை. ஆய்வகமோ மாலையானால் பூட்டிவிடும், போதாக்குறைக்கு அவன் என் குட்டிக் கட்டத்தின் ஓரத்தில் முட்டிக் குழம்பிவிடுவான். இன்று கைபேசியில் தட்டினால், விரலை எடுப்பதற்குள் அவன் கதை முடிந்து சாம்பல்தான் தெரிகிறது. யார் பிறந்தார், யார் செத்தார் என்று பந்தயம் கட்ட நேரமேது?

இத்தனைக்கும் கான்வே முதலில் இதைக் கோ பலகையில், காய்களைக் கையால் எடுத்துவைத்துத்தான் ஆடிப்பார்த்தார். கைபேசியில் நீங்கள் போட்டுப் பார்ப்பதானால், வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். டீ அவர் செலவு.