போறணைக் கனவு

கேள்வி: வீட்டிலை கேக் அடிக்கிறன். சனம் புகழுது. வெதுப்பகம் திறக்கலாமோ?
– ஒரு வாசகி, உரும்பிராய்

பதில்: புகழ்ந்த சனம் காசு தந்ததோ பிள்ளை? முதல் அதைப் பாரும். பிரதேச சபை உரிமம், பி.எச்.ஐ. எண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வை எல்லாம் உண்டு. பாணும் போடுறதெண்டால் ஒரு இறாத்தல் 450 கிராம் நிக்கவேணும். தராசுக்கு ஐசிங் பூசித் தப்ப ஏலாது. கரண்டே இல்லாத 1990களில் சட்டிக்கு மேலையும் கீழையும் தணல் போட்டுக் கேக் சுட்ட ஊருக்கு வெதுப்பகம் திறக்கிறது பெரிய விசயமில்லை. உம்மடை போட்டி, பீத்தோவனை அலறவிட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வாற பாண் ஆட்டோதான். 1810இல் அவர் எழுதின மெட்டு. கேட்டால் நாய்கூடப் படலைக்கு ஓடுது! நீரும் ஒரு மெட்டுப் பாரும். நாதஸ்வரம் மட்டும் வேண்டாம். கலியாண வீடெண்டு சனம் என்வலப்போடை வந்து நிக்கும்.