யந்திரம் வந்தாயிற்று

யாழ்ப்பாணத்தில் ஒரு யந்திரம் வந்திறங்குவதற்கும் அது இயங்கத் தொடங்குவதற்கும் இடையே கழிகின்ற காலத்தைப் பற்றி யாரேனும் சரித்திரம் எழுதப் புகுவாராயின், அவர் 1820ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவதே முறை. அவ்வாண்டு அமெரிக்க மிஷனரிமாருக்கு ஓர் அச்சியந்திரம் கிடைத்தது. அதனை இயக்குவதற்கென்றே ஜேம்ஸ் கரெற் என்பவரும் கடல் கடந்து வந்து சேர்ந்தார். ஆயினும் அப்போது இலங்கையின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வேர்ட் பாண்ஸ், யந்திரத்தை இருக்கவிட்டு, ஆளை மாத்திரம் தங்கவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். மிஷனரிமாரின் அச்சுவேலை மானிப்பாயில் நிலைபெற 1834 ஆயிற்று.

சென்ற ஆடி மாதத்தில், கொக்குவிலிலுள்ள என் மைத்துனரின் அச்சகத்தில் நான் கண்டதும் ஏறக்குறைய இதுவே. 2001இல் பிறந்து, 2014 ஏப்ரிலோடு பெற்றவர்களாலேயே கைவிடப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி ஒருபுறம். பெட்டியின் வாசனை மாறாத லேசர் பிறின்ரர் மறுபுறம். அது கட்டளையிடச் சித்தமாயிருந்தது. இது கேட்கச் சித்தமாயிருந்தது. இடையில் நின்று பேசுவிக்க வேண்டிய டிரைவர் என்னும் சிறு மென்பொருளுக்குத்தான் பிரவேச அநுமதி கிடைக்கவில்லை.

“உந்தப் பழசைத் தூக்கி எறியுங்கோவன், அப்பா,” என்றான் மகன்.

“எறிஞ்சால், உன்ரை அப்பாச்சியின்ரை கல்வெட்டை ஆர் அடிக்கிறது?” என்றார் மைத்துனர்.

அப்பாச்சி அவ்வேளை பின்வளவில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டு பூரண சுகத்தோடிருந்தார் என்பது வேறு விஷயம். மைத்துனர் சொன்னதில் நியாயமுண்டு. நம்மூரில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாளுக்குள் தேவாரமும் வமிசாவளியும் வாழ்க்கைச் சரிதமும் அடங்கிய கல்வெட்டு அச்சாகிவிட வேண்டும். அப்பப்பாவுக்கு அமைத்த வமிசாவளியே, இரண்டொரு பெயர் மாற்றத்தோடு, அப்பாச்சிக்கும் உதவும். அந்த வமிசாவளிகளெல்லாம் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியோ ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த ஏற்பாடு. மெய்யெழுத்தின் தலையிலேறும் புள்ளி அங்கே உண்மையில் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஊரிலே தலைநிமிர்ந்து நடந்த விதானையாரும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிப்போவார். ஆகையால் எக்ஸ்பி இருந்தே தீரவேண்டும்.

பிறின்ரரோடு இறுவட்டு வரவில்லை. இணைய முகவரி ஒன்றே வந்தது. எக்ஸ்பியின் பழைய இன்ரர்நெட் எக்ஸ்புளோரர் இக்காலத்து இரகசியக் குறியாக்கங்களை அறியாதாகையால், அந்தத் தளத்தின் வாசற்படியையே அதனால் மிதிக்க முடியவில்லை. மகன் தன் மடிக்கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொணர்ந்தான். அது எக்ஸ்பாற் முறையில் அமைக்கப்பட்டிருந்தபடியால், உள்ளே என்ன இருக்கிறதென்று பாராமலே, ‘அழித்துப் புதிதாக அமைத்துத் தரட்டுமா?’ என்று எக்ஸ்பி மிக்க விநயத்தோடு வினவிற்று. விருந்தாளியை இவ்வளவு மரியாதையாகக் கொல்ல முன்வந்த யந்திரத்தை நான் கண்டதில்லை. பாற்32 முறைக்கு மாற்றிக் கொணர்ந்தபோது, பென் டிரைவ் திறந்தது. ஆனால் இது செல்லுபடியாகும் செயலியன்று என்று ஒரே வரியில் தீர்ப்பாயிற்று.

கடைசியில், கணினி திருத்துகிற தம்பி ஒருவர் திருநெல்வேலியிலிருந்து வந்து, தேநீர் ஆறுவதற்குள் காரியத்தை முடித்தார். புதிய டிரைவரை அவர் தேடவேயில்லை; எக்ஸ்பி தன் வயிற்றிலேயே வைத்திருந்த பழைய பெயர்ப்பட்டியலைத் திறந்து, எச்பி லேசர்ஜெட் 4 என்பதைத் தெரிவுசெய்தார். அது பேசுகின்ற பீசீஎல் பாஷை புதிய பிறின்ரருக்கும் தெரியுமாம். அதை அது வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

லேசர்ஜெட் 4 சந்தைக்கு வந்தது 1992இல். அவ்வாண்டு குடாநாட்டில் மின்சாரமே கிடையாது. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். பெற்றோலைச் சில துளி மாத்திரம் காட்டி ஏமாற்றி, மொறிஸ் மைனர்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய எக்ஸ்பியையும் அவ்வாறே ஏமாற்றியது இவ்வூருக்கு ஒவ்வாத காரியமென்று சொல்லமுடியாது.

கல்வெட்டு அச்சாயிற்று. புதிய பிறின்ரர் தாளைத் தானே புரட்டி இருபுறமும் அடிக்க வல்லது. ஆயினும் அந்த வித்தை தன்னிடம் இருப்பதாக எக்ஸ்பிக்கு அது அறிவிக்காதபடியால், தாளைத் திருப்பித் திருப்பி வைக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.