திம்பம் ஏற்றமும் இரண்டு விசிறிகளும்

பண்ணாரி அம்மன் கோயிலில் வண்டியை நிறுத்தாமல் அப்பா மலை ஏறியதில்லை. பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணை நெற்றியில் பூசி, மீதியை ஸ்டீயரிங்கில் தொட்டு வைப்பார். அதற்கு மேல் திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். 1990களில் எங்களிடம் ஒரு டாடா 407 இருந்தது. தாளவாடிக்கு உர மூட்டை ஏற்றிப் போவோம், முட்டைகோஸ் ஏற்றித் திரும்புவோம். பள்ளி விடுமுறையில் நான்தான் கிளீனர். காலடியில் இருக்கும் இரண்டு தண்ணீர் கேன்களும் சாயாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அப்பா சூட்டு முள்ளைப் பார்த்ததைவிட விசிறியைக் காதால் கேட்டதுதான் அதிகம். எஞ்சினோடு பெல்ட்டில் பிணைந்த விசிறி அது. பெல்ட் தளர்ந்தால் கீச்சிடும், அறுந்தால் இரைச்சல் சட்டென்று நின்றுவிடும். உடனே ஓரங்கட்டுவார். ரேடியேட்டர் மூடியைத் தொடப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார். "ஆறட்டும் கண்ணு. இப்பப் பச்சத்தண்ணி ஊத்துனா ஹெட்டு வெடிச்சுப்போயிரும்." அரை மணி நேரம் கழித்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடியை மெல்லத் திருகுவார். உஸ்ஸென்று ஆவி அடங்கும்.

இன்று நான் ஓட்டுவதும் 407தான். ஆனால் பெல்ட் விசிறியைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு மின்விசிறிகள் பொருத்தியிருக்கிறேன். காரணம் அந்த மலையிலேயே இருக்கிறது. பாரத்தோடு ஏறுகையில் எஞ்சின் திணறிச் சுற்று குறையும். காற்று அதிகம் வேண்டிய அந்த நேரத்தில் பெல்ட் விசிறியும் மெதுவாகும். இறக்கத்தில் கியரில் இறங்கினால் எஞ்சினில் சூடே இருக்காது, விசிறியோ தலைதெறிக்கச் சுற்றும். விசிறியின் வேகம் இரு மடங்கானால் அது விழுங்கும் சக்தி எட்டு மடங்கு. எஞ்சின் இழுக்கும்போது அத்தனையும் டீசல்.

மின்விசிறிக்கு எஞ்சின் வேகம் பொருட்டல்ல. தண்ணீர் சூடானால் ஓடும், ஆறினால் நிற்கும். நேர்சாலையில் எதிர்க்காற்றே போதும். என் இரண்டு விசிறிகளும் சேர்ந்து இழுப்பது 30 ஆம்பியர், 12 வோல்ட்டில் கணக்கிட்டால் அரைக் குதிரைத்திறன். இதை எல்லா வண்டிக்கும் சொல்ல மாட்டேன். பெரிய லாரிகளுக்கு வேண்டிய காற்றை இந்தச் சின்ன விசிறிகளால் தர முடியாது. அவற்றில் சிலிக்கோன் எண்ணெய் கிளட்ச் வைத்த விசிறி இருக்கிறது. சூட்டுக்கு ஏற்ப அது எஞ்சினைப் பிடிக்கும், விடும்.

மாற்றிய முதல் மாதமே பாடம் கிடைத்தது. பதினான்காவது வளைவில் முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கீச்சும் இல்லை, எந்த அறிகுறியும் இல்லை. நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓரங்கட்டிப் பார்த்தால் ரிலே சாக்கெட் உருகி, கருகிய வாடை. 30 ஆம்பியர் போகும் வழியில், பொருத்தியவர்கள் மெல்லிய ஒயரை இழுத்திருந்தார்கள். அரை மணி நேரம் கல்லில் உட்கார்ந்திருந்தேன். கேனில் தண்ணீர் இருந்தது, அப்பா சொன்ன சொல்லும் இருந்தது.

பெல்ட் விசிறி தன் நோயைச் சத்தம் போட்டுச் சொல்லும். மின்விசிறி சொல்லாமலே நின்றுபோகும். காது பார்த்த வேலையைக் கண்ணும் கையும் பார்த்தாக வேண்டும். இப்போது தடித்த ஒயர், விசிறிக்கு ஒன்றாகத் தனி ரிலே, தனி பியூஸ். விசிறிக்கு மின்சாரம் பாய்ந்தால் எரியும் ஒரு சின்ன பல்பு டாஷ்போர்டில். அவசரத்துக்குக் கையால் போட ஒரு சுவிட்ச். வாட்டர் பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுவது இன்றும் பெல்ட்தான். அது அறுந்தால் விசிறி ஓடியும் பயனில்லை. ஆகவே உதிரி பெல்ட் அப்பா வைத்த இடத்திலேயே, சீட்டுக்குப் பின்னால்.

பண்ணாரியில் புற்றுமண் பூசியதும் சுவிட்சைப் போட்டுவிட்டு இறங்குவேன். நாளிதழ் தாள் ஒன்றை ரேடியேட்டர் முகத்தில் வைப்பேன், முதலில் இடப்பக்கம், அடுத்து வலப்பக்கம். பல்பு மின்சாரத்தைத்தான் காட்டும், காற்றைக் காட்டுவது தாள். இரண்டு பக்கமும் அது ஒட்டிக்கொண்டால்தான் முதல் வளைவு.